உளுந்து தெளிக்கும் அந்த ஒரு வாரம்

சம்பா அறுவடை நெருங்கும்போது காவிரி டெல்டாவிலிருந்து வரும் செய்திகள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அறுவடை இயந்திர வாடகை ஏறிவிட்டது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதாகச் சொல்லிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள், உரம் கிடைக்கவில்லை. எல்லாம் நியாயமான கவலைகள். ஆனால், அதே நாள்களில் அதே வயல்களில் நடக்கும் இன்னொரு இழப்பு செய்தியாவதே இல்லை. கதிர் நிற்கும்போதே உளுந்து தெளிக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் சுருங்கி வருகிறது. உழாமல் விதைக்கத் தெரிந்த கையும் அதோடு போகிறது. பல நாடுகள் பெரும்பணம் செலவழித்துத் தங்கள் விவசாயிகளுக்குக் கற்றுத்தர முயலும் அறிவு அது.

வயல் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சம்பாவோ தாளடியோ, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது தண்ணீரை வடித்துவிடுவார்கள். கால் புதையாமல், ஆனால் விரலால் அழுத்தினால் பதிகிற மெழுகு பதத்துக்கு மண் வந்ததும் ஏக்கருக்கு 10, 12 கிலோ உளுந்தையோ பச்சைப் பயறையோ நிற்கும் பயிருக்குள் தெளிப்பார்கள். விதை கதிர்களின் ஊடே இறங்கி ஈர மண்ணில் ஒட்டிக்கொள்ளும். நெல்லை அறுக்க ஆள் இறங்கும்போது உளுந்து முளைத்திருக்கும். அதற்கப்புறம் உழவு இல்லை, பாசனம் இல்லை, அடியுரம் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தைப் பனியும்தான் பயிரை வளர்க்கும். மிஞ்சிப்போனால் பூக்கும்போது ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பார்கள். 65 முதல் 75 நாளில் காய் முற்றிவிடும்.

நெல்லுக்கு வாங்கிய கடன் போக, குடும்பத்துக்குக் கையில் நிற்கும் காசு பெரும்பாலும் இந்த உளுந்தில் வந்ததுதான். நிலமில்லாத பெண்களுக்குப் பங்குனி, சித்திரையில் செடி பிடுங்கும் வேலை கிடைத்தது. வேர் முடிச்சுகள் வழியே மண்ணுக்குத் தழைச்சத்து கிடைத்தது. உளுந்து எடுத்த வயலில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டார்கள். அதன்பிறகுதான் அடுத்த போக நெல்லுக்குக் கலப்பை இறங்கியது.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 'பாதுகாப்பு வேளாண்மை' என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது. அதற்கு மூன்று விதிகள். மண்ணை முடிந்தவரை கிளறாமல் விதைக்க வேண்டும். நிலப்பரப்பில் குறைந்தது 30 சதவீதமாவது தாளாலோ பயிராலோ மூடியிருக்க வேண்டும். பயிரை மாற்றி மாற்றிப் போட வேண்டும். நெல் தரிசில் உளுந்து தெளித்த நம் விவசாயி இந்த மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொண்டிருந்தார். ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைத் தமிழில் படித்து வியந்தவர்கள் பலர். அறுவடைக்கு முன்பே நிற்கும் நெல்லுக்குள் அடுத்த பயிரின் விதையைத் தூவியதும், அறுத்த பின் வைக்கோலை அதே வயலில் பரப்பியதும் அவருடைய முறையின் உயிர்நாடி. அதில் முதல் பாதி மன்னார்குடிப் பக்கம் யாருக்கும் புதுமையாக இருந்திருக்காது.

இயந்திரத்துக்கு முன்னும் பின்னும்

இந்த வழக்கத்தை யாரும் வேண்டுமென்று கைவிடவில்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் போனது. அறுவடை இயந்திரம் வந்தது. அது வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் குனிந்து நெல் அறுத்த முதுகுகளின் கணக்கில் அது விடுதலைதான். ஆனால், அந்த இயந்திரம் வயலில் இறங்கும் நேரம் உளுந்தின் கணக்கோடு மோதுகிறது.

பழைய முறையில் வாரம் பத்து நாள் முன்பே தெளித்தால், முளைத்து நிற்கும் செடியின் மீது பல டன் எடையுள்ள வண்டி ஏறி இறங்குகிறது. செயின் வண்டியானால் பட்டை பட்டையாக நசுக்குகிறது. மண்ணில் ஈரம் சற்றுக் கூடுதலாக இருக்கும் வயலில் டயர் வண்டி இறங்கினால் குழி விழுகிறது. வண்டியின் பின்புறம் கொட்டும் வைக்கோல் ஒரே வரிசையாகக் குவிந்து அதன் அடியில் இருக்கும் முளையை மூடிவிடுகிறது. அப்புறம் வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து இன்னொரு முறை வயலைச் சுற்றுகிறது.

சரி, அறுவடைக்குப் பிறகு தெளிக்கலாம் என்று காத்திருந்தால், இயந்திரம் எப்போது கிடைக்கும் என்பது விவசாயியின் கையில் இல்லை. கதிர் முற்றியும் ஒரு வாரம் காத்துக் கிடக்கிறது. வண்டி வந்துபோவதற்குள் மண் வெடித்துவிடுகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவதால் மறுபடி நனைக்கவும் ஆற்றில் தண்ணீர் இருக்காது. பம்புசெட் வைத்திருப்பவர் ரோட்டவேட்டரை விட்டு ஓட்டி, தண்ணீர் பாய்ச்சி, பருத்தியோ கோடை நெல்லோ போடுகிறார். பம்புசெட் இல்லாதவர் தரிசாகப் போட்டுவிடுகிறார். அடுத்த நான்கைந்து மாதம் அந்த நிலம் மொட்டை வெயிலில் கிடக்கிறது.

ஆக, ஒரு வாரம் தவறுகிறது. அதனால் ஒரு பயிர் தவறுகிறது. மண் மூடாக்கை இழக்கிறது. மறுபக்கம், உளுந்துக்கு மியான்மரை நம்பியிருக்கிறது நம் நாடு. 2025-26-க்கு மத்திய அரசு உளுந்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். விலையை அறிவித்தால் பயிர் தானாக வந்துவிடும் என்று தில்லியில் நினைக்கிறார்கள். தெளிக்க வேண்டிய வாரத்தில் இயந்திரம் எங்கே நிற்கிறது என்பதுதான் பிரச்சினை என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வைக்கோல் கணக்கு இன்னொன்று. 1 டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 2.3 கிலோ மணிச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. பஞ்சாப், ஹரியாணாவில் இதை எரித்துத் தில்லியை மூச்சுத்திணற வைக்கிறார்கள். நாம் எரிப்பது குறைவு. கட்டாகக் கட்டிக் கேரளத்துக்கு லாரி ஏற்றுகிறோம். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் போனால், 50 கிலோ சாம்பல்சத்து வயலைவிட்டுப் போகிறது. கடையில் அதை ஈடுகட்ட ஒன்றரை, இரண்டு மூட்டை பொட்டாஷ் வாங்க வேண்டும். பெரும்பாலோர் வாங்குவதில்லை. யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது அதையே கூடுதலாகப் போட்டு, பயிர் பச்சையாக இருப்பதைப் பார்த்து மனம் தேற்றிக்கொள்கிறோம்.

உழவு என்ன செய்கிறது?

உழாமல் விதைப்பது என்றாலே நம் ஊரில் சோம்பேறி விவசாயம் என்ற எண்ணம் வரும். ஆழ உழுவதே நல்ல உழவு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாட்டு ஏர் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறியது, அவ்வளவுதான். ரோட்டவேட்டர் மண்ணை மாவாக அரைக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். முதல் கனமழையில் அந்த மாவு கரைந்து மேலே ஏடு கட்டிக்கொள்ளும். தண்ணீர் கீழே இறங்காமல் ஓடும்.

மண் என்பது துகள்களும் இடைவெளிகளும் சேர்ந்தது. மண்புழு போன துளை, அழுகிய வேர் விட்டுப்போன குழாய், பூஞ்சை இழைகள் பிணைத்து வைத்த சிறு கட்டிகள் எல்லாம் சேர்ந்துதான் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி விடுகின்றன. ஒவ்வொரு உழவிலும் இந்தக் கட்டமைப்பு உடைகிறது. கட்டிக்குள் பத்திரமாக இருந்த மக்கு காற்றுபட்டு வேகமாகச் சிதைகிறது. முதல் ஆண்டு அது பயிருக்குச் சத்தாகிறது. அதனால்தான் உழுததும் விளைச்சல் கூடியதுபோலத் தெரிகிறது. பிறகு கரிமச்சத்து இறங்கிக்கொண்டே போகிறது. கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நம் நாட்டு மண் பரிசோதனைக் கூடங்கள் 'குறைவு' என்று குறிக்கும். தங்கள் மண்வள அட்டையை எடுத்துப் பார்க்கும் பலருக்கு அந்தச் சொல் பழக்கமானதாகவே இருக்கும்.

உழவின் விலையை அமெரிக்கா 1930-களில் கொடுத்தது. புல்வெளிகளை உழுது கோதுமை போட்ட சமவெளி மாநிலங்களில் வறட்சி வந்ததும் மேல்மண் புழுதிப் புயலாக எழுந்தது. 1935 ஏப்ரல் 14-ஐ இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். அதே மாதம் அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பக்கத்து வயலே பள்ளிக்கூடம்

இந்தப் பாடத்தை விவசாயிகள் எப்படிக் கற்றார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் 1962-ல் ஹாரி யங் என்ற விவசாயி வணிகமுறையில் உழாமல் விதைத்துக் காட்டினார். பத்தாண்டு கழித்து, பிரேசிலின் பரானா மாநிலத்தில் ரோலாண்டியா என்ற ஊரின் ஹெர்பர்ட் பார்ட்ஸ், மழை தன் வயலின் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுவதைப் பொறுக்காமல் கென்டக்கி போய் யங்கின் வயலைப் பார்த்தார். இயந்திரத்தை இறக்குமதி செய்து 1972-ல் தன் நிலத்தில் விதைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் செய்தார்கள். 1979-ல் அந்த மாநிலத்து விவசாயிகள் 'மண்புழு மன்றம்' என்ற பெயரில் ஒரு சங்கமே தொடங்கி, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்து, தோற்றதையும் ஜெயித்ததையும் பேசிக்கொண்டார்கள். இன்று உலகில் 20 கோடி ஹெக்டேருக்கு மேல் பாதுகாப்பு வேளாண்மை நடக்கிறது. அதில் பெரும்பங்கு வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது.

அவர்கள் நிலம் பெரிது, நம் நிலம் சிறிது என்பார்கள். ஹரியாணாவைப் பார்க்கலாம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே கோதுமையில் வந்த ஒரு புல், அதுவரை அதைக் கொன்ற ஐசோபுரோட்யூரான் மருந்துக்கு அடங்க மறுத்தது. சிலர் கோதுமையைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். ஹிசார் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் விவசாயிகளின் வயலிலேயே சோதனை செய்தார்கள். நெல் அறுத்த வயலை உழாமல் கோதுமையை விதைத்தால், மண்ணுக்குள் உறங்கும் புல் விதை கிளறப்படுவதில்லை. விதைப்பும் சில நாள் முந்துகிறது. டீசல் மிச்சமானது. பஞ்சாபின் பட்டறைகளே விதைக்கும் கருவியைக் குறைந்த விலையில் செய்து தந்தன. வைக்கோலுக்குள்ளேயே கோதுமையை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' பிறகு வந்தது.

கடலோர ஆந்திரத்தில் கதை வேறு. நெல் தரிசு உளுந்தை மஞ்சள் தேமல் நோய் அழித்தபோது, அங்கே விவசாயிகள் உழாமலே மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். காசு வந்தது. ஆனால் தண்ணீரும் உரமும் களைக்கொல்லியும் கூடவே கூடின. உழவை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இரண்டு விதிகளை மறந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது எச்சரிக்கை.

அதே ஆந்திரத்தில் 2016-ல் தொடங்கிய இயற்கை வேளாண்மைத் திட்டம் வேறொரு வழி காட்டுகிறது. நன்றாகச் செய்துகாட்டிய விவசாயியையே சம்பளம் கொடுத்துப் பக்கத்து ஊருக்குப் பயிற்றுநராக அனுப்புகிறார்கள். மகளிர் குழுக்கள் வழியாகப் போகிறார்கள். ஆண்டு முழுவதும் மண்ணைப் பயிரால் மூடி வைப்பதை முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள். 2024-ல் மண்ணியல் அறிஞர் ரத்தன் லால், எகிப்தின் செகெம் அமைப்பு ஆகியோரோடு இந்தத் திட்டமும் குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு இடுபொருளின் பலனையும் நான் ஏற்கவில்லை. கற்றுத்தரும் முறையை ஏற்கிறேன்.

நம் ஊரில் பயிற்சி எப்படி நடக்கிறது? மண்டபத்தில் நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி, திரையில் படம் காட்டி, மதியம் சாப்பாட்டோடு முடிகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். வயலில் மாற்றம் இருக்காது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் டெல்டாவுக்கென்றே நிலையங்கள் உண்டு. ஆடுதுறையில் நூறாண்டு கடந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெல் தரிசுக்கென்றே உளுந்து ரகங்களை வெளியிட்ட இடம் அது. ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது. வயலில் உட்கார்ந்து பேசும் வழக்கம்தான் போய்விட்டது.

யாரையும் ஏமாற்ற வேண்டாம்

டெல்டாவில் இனி உழவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேறு கலக்கிய நெல் வயலில் ஒரு சாண் ஆழத்துக்கு அருகே கடினத் தட்டு உருவாகிறது. தண்ணீர் நிற்க நெல்லுக்கு அது வேண்டும். உளுந்தின் வேருக்கோ அது சுவர். இரண்டு பயிருக்கும் ஒரே மண்ணை வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடியது சமரசம்தான்: நெல்லுக்கு உழுவோம், அடுத்த பயிருக்கு உழாமல் விடுவோம்.

உழாமல் விட்டால் விளைச்சல் உடனே கூடும் என்பதும் பொய். 63 நாடுகளில் நடந்த 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உழவை மட்டும் நிறுத்திய இடங்களில் சராசரி விளைச்சல் குறைந்தது. மூடாக்கும் பயிர் சுழற்சியும் சேர்ந்த இடங்களில் அந்த இழப்பு சுருங்கியது. மழையை நம்பிய வறண்ட நிலங்களில் மூன்றும் சேர்ந்தபோது விளைச்சல் கூடியது. மூன்று விதிகளும் சேர்ந்தே வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

களைதான் அடுத்த சிக்கல். அமெரிக்கக் கண்டங்களில் கலப்பையின் இடத்தைப் பெருமளவு கிளைபோசேட் பிடித்துக்கொண்டது. அதற்கு அடங்காத களைகளும் பின்னாலேயே வந்தன. இந்தியாவில் 2022 அக்டோபரில் அந்த மருந்தின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதையை நாம் நகலெடுக்கத் தேவையில்லை. நெருக்கமாக முளைத்த உளுந்தே வெயில் தரையில் படாமல் மறைத்துக் களையை அடக்கும். வைக்கோல் மூடாக்கும் அதைச் செய்யும்.

நேரடி நெல் விதைப்பையும் உழாமல் விதைப்பதோடு குழப்பிக்கொள்கிறோம். மேட்டூர் திறப்பு நிச்சயமில்லாமல் போன ஆண்டுகளில் அது கடைமடையைக் காப்பாற்றியது உண்மை. 2023-ல் ஜூன் 12-ல் திறந்த அணையை அக்டோபர் 10-லேயே மூட நேர்ந்தது. 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. அப்போது நாகை, திருவாரூர் பக்கம் புழுதியில் விதைத்தவர்கள்தான் மழையைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்றங்கால், நடவுக் கூலி, தண்ணீர் மூன்றும் மிச்சம். ஆனால், புழுதி விதைப்புக்காகக் கோடையில் நாலைந்து சால் ஓட்டுகிறோம். நாற்று விடாதது வேறு, மண்ணைக் கிளறாதது வேறு. மானியம் கொடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

அட்டை சொல்லாத ஆரோக்கியம்

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19-ல் தொடங்கியது. 12 அளவுகளை அது தருகிறது: தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. பாசனப் பகுதியில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. நல்ல திட்டம். ஆனால் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது, எந்த ஆழத்தில் வேர் மடங்குகிறது, மண்புழு இருக்கிறதா என்று அந்த அட்டை சொல்லாது. எந்த உரத்தை எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்லும்.

விட்டுப்போனதை விவசாயியே பார்க்கலாம். மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு கட்டியை வெட்டி எடுத்து, புழுவை எண்ணுங்கள். வேர் நேராக இறங்கியிருக்கிறதா, பக்கவாட்டில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த மண்கட்டி ஒன்றை உழுத வயலிலிருந்தும் இன்னொன்றை வரப்பிலிருந்தும் எடுத்து இரண்டு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். எது கரைகிறது, எது அப்படியே நிற்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வெளிநாடுகளில் பருத்தி உள்ளாடையை வயலில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கிறார்கள். மண்ணில் உயிர் இருந்தால் துணி கந்தலாகிவிடும், இடுப்புப் பட்டைதான் மிஞ்சும். நமக்குக் கிழிந்த வேட்டித் துண்டு போதும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செய்தால் ஊரே வேடிக்கை பார்க்க வரும்.

செய்ய வேண்டியவை

முதலில் அந்த ஒரு வாரத்தைக் காப்பாற்ற வேண்டும். வேளாண் பொறியியல் துறை அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. தனியார் வண்டிகள் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகின்றன. எந்த வாய்க்கால் பாசனத்தில் எந்தத் தேதிக்கு வண்டி வரும் என்ற அட்டவணையை மார்கழியிலேயே ஊராட்சி வாரியாக அறிவிக்கலாம். வண்டி வரும் தேதி தெரிந்தால், முளைவிடாத நிலையில் விதை மண்ணில் இருக்கும்படி ஓரிரு நாள் முன்பு தெளிக்கலாம். நசுங்குவதற்காக விதையளவைச் சற்றுக் கூட்டலாம். தேதி தெரியாமல் எந்தத் தொழில்நுட்பமும் பயன்தராது.

அடுத்தது, வண்டியின் பின்னால் வைக்கோலைக் குவிக்காமல் சீராகப் பரப்பும் இணைப்பு. அரசு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வண்டியிலும் இதைக் கட்டாயமாக்கலாம். தாளைச் சற்று உயரமாக விட்டு அறுக்கச் சொல்லலாம். வைக்கோலை விற்காதே என்று நான் சொல்லவில்லை; மாடு வைத்திருப்பவருக்குத் தீவனம் வேண்டும், விற்பவருக்குக் காசு வேண்டும். பாதியையாவது வயலில் விடலாம். நெல் வண்டியும் வைக்கோல் வண்டியும் டிராக்டரும் ஒரே தடத்தில் ஓடினால், நசுங்கும் பரப்பு குறையும். இதற்குச் செலவே இல்லை; ஓட்டுநரிடம் சொன்னால் போதும்.

பாரத்தால் இறுகிய வயல்களுக்கு உளிக்கலப்பை உதவும். மண் நன்றாகக் காய்ந்த கோடையில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, எங்கே தட்டு வேரை மறிக்கிறதோ அங்கே மட்டும் போட்டால் போதும். ஆண்டுதோறும் போட்டால் அதுவும் இன்னோர் உழவாகிவிடும்.

தாள்களுக்கிடையே விதைக்கும் கருவியைத் தனி விவசாயி வாங்கத் தேவையில்லை. ஆண்டில் மூன்று வாரம்தான் அதற்கு வேலை. 2018-ல் வட மாநிலங்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த பயிர்க்கழிவுத் திட்டத்தில் தனிநபருக்கு 50 சதவீதமும் கூட்டுறவுகளுக்கும் வாடகை மையங்களுக்கும் 80 சதவீதமும் மானியம் தந்தார்கள். அதே அளவுகோலில் டெல்டாவின் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரலாம். வடக்கிலிருந்து கருவியை அப்படியே இறக்கினால் நம் களிமண்ணில் அது திணறும்; விதைக்குழி மூடாது, பிறகு அதே கோட்டில் வெடிப்பு விடும். ஆகவே முதலில் ஆடுதுறையில் நம் மண்ணுக்கேற்ப மாற்றி, கும்பகோணம், தஞ்சாவூர் பட்டறைகளில் செய்ய வைக்க வேண்டும். ரோட்டவேட்டருக்கு ஆண்டுதோறும் மானியம் தருகிற அரசுக்கு இது பெரிய செலவல்ல.

தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை தருகிறார்கள். வரவேற்க வேண்டியது. அதில் இன்னொரு பகுதியைச் சேர்க்கலாம்: வட்டாரத்துக்குப் பத்து விவசாயிகள், ஆளுக்கு அரை ஏக்கர், மூன்று ஆண்டு. உழுத பாதி ஒருபக்கம், உழாத பாதி மறுபக்கம். உதவி வேளாண்மை அலுவலர் செலவையும் வரவையும் எழுதிவைக்க, ஊரார் வந்து பார்க்க வேண்டும். விளைச்சல் குறைந்தால் அந்த அரை ஏக்கருக்கு இழப்பீடு தர வேண்டும். இந்தோனேசியாவில் 1989-ல் நெல் பூச்சி மேலாண்மைக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இப்படி வயலோரம் உட்கார்ந்துதான் கற்பித்தது. மண்டபப் பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தை இங்கே திருப்பினால் போதும்.

குத்தகைக்காரரை மறந்துவிட்டு மண்வளம் பேசுவது வீண். டெல்டாவில் கோயில், மடத்து நிலங்களையும் தனியார் நிலங்களையும் குத்தகைக்கு எடுத்து உழைப்பவர்கள் ஏராளம். மண் தேற மூன்று நான்கு ஆண்டு ஆகும். அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் எதற்கு வைக்கோலை வயலில் விட வேண்டும்? வாய்மொழிக் குத்தகையை எழுத்தில் பதிந்து ஐந்தாண்டு உறுதி தருவதும், சிட்டா பெயரில் இல்லாதவருக்கும் மானியம் சேரும்படி விதியைத் திருத்துவதும், எந்த இயந்திரத்தையும்விட மண்ணுக்கு அதிகம் செய்யும்.

விவசாயிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வரும் சம்பா அறுவடையில் ஒரு மா நிலத்திலாவது, வண்டிக்காரரிடம் தேதி கேட்டுக்கொண்டு, பதம் பார்த்து உளுந்து தெளியுங்கள். பக்கத்திலேயே ஒரு மாவை உங்கள் இப்போதைய வழக்கப்படி செய்யுங்கள். இரண்டின் டீசலையும் கூலியையும் விளைச்சலையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கையோடு எடுத்துப் போங்கள். கோரிக்கை மனுவை வாங்கி அடுக்கி வைத்துவிடலாம். இருபது பேர் இருபது நோட்டோடு வந்து நின்றால், மாவட்ட ஆட்சியரும் வேளாண் இணை இயக்குநரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.